‘கர்நாடகம்’ எழுதிய ‘ஆடல் பாடல்’: சங்கீத விமரிசகராகக் கல்கி

1930களின் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் கச்சேரிகளையும் நாட்டியங்களையும் பற்றி எழுதிவந்தவர், கட்டுரைகளின் அடியில் ‘கர்நாடகம்’ என்று கையெழுத்திட்டார். அவர் வேறு யாருமல்லர், அந்தப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த ரா. கிருஷ்ணமூர்த்திதான். கதைகளுக்கும் தலையங்கங்களுக்கும் ‘கல்கி’ என்ற பெயரை வைத்திருந்தவர், சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாஸ்திரிய சங்கீதத்துக்குக் கர்நாடக சங்கீதம் என்று பெயர். அதே சமயம், பேச்சு வழக்கில் ஒருவரைச் ‘சுத்தக் கர்நாடகம்’ என்றால் காலத்துக்கு ஒவ்வாத பழம்பஞ்சாங்கம் என்று பொருள். தாம் எழுதப்போகும் கலையின் பெயரையும், அதை வாசகர்கள் எந்தக் கண்ணோடு பார்த்தார்களோ அந்தக் கண்ணையும் ஒரே சொல்லில் அவர் பிடித்துவிட்டார். பழையது என்று ஒதுக்கப்படும் ஒன்றைப் பற்றி, வாரப் பத்திரிகை வாங்கும் யாருக்கும் புரியும் தமிழில் எழுதுவேன் என்ற அறிவிப்பாகவே அந்தப் புனைபெயரை நான் படிக்கிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ எழுதியவராக அவரை அறியாத தமிழ் வாசகர் குறைவு. சங்கீத விமரிசகராக அவரை அறிந்தவர்கள் இன்று அதைவிட மிகக் குறைவு. நாவலாசிரியரின் வாழ்க்கையில் விமரிசனம் ஓர் ஓரமான பொழுதுபோக்கு என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கச்சேரியைக் கேட்பவருடைய இடத்தில் நின்று எழுதுவது என்று கல்கி தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட நிலைதான், பிறகு தமிழிசைக்காக அவர் தொடுத்த வாதமாகவும், அதன் பிறகு அவருடைய மிகச் சிறந்த கதாபாத்திரங்களில் ஒன்றாகவும் உருவெடுத்தது.

அந்த நிலையின் அருமை விளங்க வேண்டுமானால், அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் சங்கீதம் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கோயில் உற்சவம், ஜமீன் அரண்மனை, பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் ஆகிய இடங்களில் வாழ்ந்த கலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சென்னைச் சபாக்களை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு கூடியது. அதன் விளைவாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி தோன்றியது. கிராமபோன் தட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. 1930களில் ஒலிபெருக்கி மேடையேறியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. முன்பு வித்துவானுக்குச் சன்மானம் கொடுத்தவர் ஒரு மிராசுதாரர் அல்லது ஜமீன்தார்; அவருக்குப் பாட்டு பிடித்ததா இல்லையா என்பது ஒருவருடைய ருசியைப் பொறுத்தது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருபவர் ஒரு குமாஸ்தா, ஒரு வக்கீல், ஒரு பள்ளி ஆசிரியர். பணம் கொடுப்பவர் மாறிவிட்டார். ஆனால், மேடையில் நடப்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி தமக்கு உண்டு என்று நம்புவதற்கான துணிச்சல் அந்தப் புதிய ரசிகருக்கு இன்னும் வரவில்லை. ராக லட்சணம் தெரிந்தவர்கள், தாளக் கணக்கு தெரிந்தவர்கள் ஆகியோரின் நடுவே அவர் தலையாட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார். அக்காலச் சங்கீத விமரிசனத்தில் கணிசமானது ஆங்கிலத்தில்தான் வந்தது. வக்கீலும் கலை ஆர்வலருமான இ. கிருஷ்ணையர், தம் காலத்து வித்துவான்களைப் பற்றி 1933இல் வெளியிட்ட நூலும் ஆங்கில நூலே. தமிழ் மட்டும் படிக்கும் ரசிகரிடம், அவர் முந்தின நாள் கேட்ட கச்சேரியைப் பற்றி அவருடைய மொழியிலேயே பேச ஆள் வேண்டியிருந்தது.

அந்த இடத்துக்குக் கல்கி வந்து சேர்ந்த வழி அரசியலும் பத்திரிகையும் கலந்தது. 1899 செப்டம்பர் 9 அன்று, மாயூரத்துக்கு (இன்றைய மயிலாடுதுறை) அருகே புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தார். பழைய தஞ்சை ஜில்லாவின் அந்தப் பகுதியில் வளரும் பிள்ளைக்கு நாகஸ்வரத்தைக் கேட்கத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை. கோயில் புறப்பாடும் கல்யாண ஊர்வலமும் தாமாகவே கொண்டுவந்து கொடுக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கல்கியைவிட ஒரே ஒரு வயது மூத்தவர், பக்கத்துச் சீமைக்காரர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தலைமுறையின் காது எந்தக் காற்றில் பழகியது என்பது புரியும். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். ஓராண்டு சிறைவாசம் அனுபவித்தார். 1923இல் திரு.வி.க. நடத்திய ‘நவசக்தி’யில் துணையாசிரியரானார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்துக்கான ‘விமோசனம்’ இதழில் பணியாற்றினார். மீண்டும் ஒரு சிறைவாசம். 1931இல், எஸ்.எஸ். வாசன் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி நடத்திவந்த ஆனந்த விகடனில் சேர்ந்தார்.

இந்தப் பாதையில் சங்கீதத்தைக் குருகுலவாசமாகப் பயின்ற கட்டம் எதுவும் இல்லை. அது அவருக்குக் குறையாக அமையவில்லை என்பதோடு, அவருடைய விமரிசனத்தின் வலிமையே அதில்தான் இருக்கிறது என்பேன். திரு.வி.க.விடம் அவர் தெளிந்த தமிழ் வாக்கியத்தைக் கற்றார். ராஜாஜியிடம், கிராமத்து மனிதருக்கு ஒரு கருத்தைக் கொண்டுசேர்க்க வேண்டுமானால் எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கற்றார். மதுவிலக்கு இதழில் கதையும் கட்டுரையும் எழுதிப் பழகிய கை அது. எதிரே இருப்பவர் பாதியில் எழுந்து போய்விடக்கூடாது என்ற கவலை அதற்கு இயல்பாகவே இருந்தது. சங்கீதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் அதே கவலையோடுதான் எழுதினார்.

அந்தக் காலக் கச்சேரி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுத்தை அணுகினால் இது தெளிவாகும். மூன்று நான்கு மணி நேரக் கச்சேரி. முதலில் வர்ணம், அடுத்து வேகமான சில கிருதிகள், பிறகு விஸ்தாரமான ராக ஆலாபனை, கிருதி, அதன் ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம், சில நாட்களில் ராகம் தானம் பல்லவி, கடைசியில், பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் துக்கடாக்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய இந்தக் கச்சேரி பத்ததி, சபா ரசிகருக்குப் பொருத்தமாக விறுவிறுப்பும் கனமும் கலந்து அமைந்த ஏற்பாடு. இதைப் பற்றி எழுதும் சாஸ்திரம் தெரிந்த விமரிசகர், தைவதம் என்ற ஸ்வரம் எப்படிப் பிடிக்கப்பட்டது, பல்லவியின் எடுப்பு எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதுவார். அதைப் படிப்பவர் இன்னொரு வித்துவானாக இருந்தால்தான் பயன். கல்கியின் அளவுகோல் வேறு. பாட்டு காதுக்கு இனிமையாக இருந்ததா, சுருதியோடு சேர்ந்ததா, சாகித்தியத்தின் சொற்கள் செவிக்கு எட்டினவா, எட்டிய சொற்களின் பொருளைப் பாடகர் உணர்ந்து பாடினாரா, கேட்டவர் மனத்தில் கடைசியில் என்ன தங்கியது என்பவையே அவருக்கு முக்கியம். அறிவைக் காட்டுவதற்காகச் செய்யப்படும் வித்தையைவிட, உள்ளத்தைத் தொடும் இசையையே அவர் உயர்வாக வைத்தார்.

இப்படிச் சொல்வதால் அவர் சங்கீத ஞானம் இல்லாதவர் என்று ஆகிவிடாது. பல ஆண்டுகள் விடாமல் கச்சேரிகளைக் கேட்ட கேள்வி ஞானம் அவருக்கு இருந்தது. ராகங்களை இனம் காணவும், வித்துவான்களின் பாணிகளை வேறுபடுத்திச் சொல்லவும் தெரிந்தவர். தெரிந்ததையெல்லாம் வாசகர் மேல் கொட்டாமல் இருந்ததுதான் அவருடைய கட்டுப்பாடு. சங்கீதம் கண்ணுக்குத் தெரியாதது, கையில் பிடிபடாதது. அதைச் சொல்லில் கொண்டுவர ஒப்புமைகளையும் சிறு சிறு சம்பவங்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கச்சேரிக்குப் போன கதை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நடந்துகொண்ட விதம், மண்டபத்தின் வசதிக் குறைவு ஆகிய எல்லாமே அந்தக் கட்டுரைக்குள் வரலாம். நகைச்சுவை தாராளமாக உண்டு. அந்தச் சிரிப்பின் நடுவே ஒரு தீர்ப்பும் இருக்கும். அதைத் தவறவிட முடியாது. கதாசிரியரின் கைத்திறனை முழுமையாக விமரிசனத்துக்குக் கடன் கொடுத்த முதல் தமிழ் எழுத்தாளர்களுள் அவரை முன்வரிசையில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் புகழ்பெற்ற சுப்புடுவின் கூர்மையான கிண்டல் நடைக்கும், வாரப் பத்திரிகைகளில் தொடர்ந்து வந்த கச்சேரி விமரிசன மரபுக்கும் வாசகர்களின் காதைத் தயார்செய்து வைத்தது இந்த எழுத்துத்தான்.

தலைப்பில் ‘பாட’லுக்கு முன்னால் ‘ஆடல்’ நிற்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டியத்தைப் பற்றி எழுதுவது அந்தப் பத்தாண்டில் சங்கீதத்தைப் பற்றி எழுதுவதைவிடப் பலமடங்கு கடினமானது. தேவதாசி முறையை ஒழிக்கும் இயக்கமும், பரதநாட்டியத்தின் அன்றைய வடிவமான சதிர் ஆட்டமே ஒழிய வேண்டும் என்ற குரலும் ஒரு பக்கம். அந்தக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று இ. கிருஷ்ணையர் முதலானோர் போராடியது மறுபக்கம். 1931இலும் அதையடுத்த ஆண்டுகளிலும் மியூசிக் அகாடமி நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு மேடை கொடுத்தது; பரம்பரை நாட்டியக் கலைஞரான பாலசரஸ்வதி அந்த மேடையில் 1933இல் ஆடினார். 1935இன் இறுதியில், அந்தப் பரம்பரைக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி அடையாற்றில் அரங்கேறி ஆடியபோது, கௌரவமான குடும்பங்கள் என்று தம்மைக் கருதிக்கொண்டவர்களும் அந்தக் கலையை நெருங்கத் தொடங்கினார்கள். இந்தச் சச்சரவுகளின் நடுவே நாட்டியத்தை நாட்டியமாகவே பார்த்து எழுத ஒருவர் தேவைப்பட்டார். கல்கி பாலசரஸ்வதியின் அபிநயத்தை மனமார வியந்தவர்களில் ஒருவர். பரம்பரைக் கலைஞர்களிடமிருந்து ஆட்டத்தை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு கலைஞர்களை மறந்துவிடும் போக்கு வலுப்பெற்றிருந்த நாட்களில், இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழையும் ஆசையோடு வளர்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பப் பத்திரிகையின் பக்கங்களில் அந்த வியப்பு வெளிவந்ததற்குத் தனி மதிப்பு உண்டு.

1941 அவருடைய வாழ்க்கையை இரண்டாகப் பிரித்த ஆண்டு. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்ள முடிவு செய்த அவர் விகடனிலிருந்து விலகினார். மூன்று மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து தம் பெயரிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். ‘கல்கி’ இதழ் 1941 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. அதே ஆகஸ்ட்டில்தான், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டில் நடக்கும் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு முதன்மை வேண்டும் என்று அது கேட்டது. புதிய பத்திரிகையும் புதிய இயக்கமும் ஒரே மாதத்தில் பிறந்தன. கல்கி இரண்டையும் ஒன்றாகவே வளர்த்தார்.

தமிழிசைக் கோரிக்கை அன்று திடீரென்று முளைத்ததல்ல. பாரதியார் ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில், எந்த வித்துவான் வந்தாலும் ‘வாதாபி கணபதிம்’ தொடங்கிப் பழகிப்போன அதே சில உருப்படிகளையே பாடுகிறார்கள் என்றும், பொருள் தெரியாமல் பாடுவதும் கேட்பதும் தகாது என்றும் வருந்தி எழுதியிருந்தார். தமிழில் பாடுவதற்குப் பாட்டே இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. தேவாரமும் திருப்புகழும் இருந்தன. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய சீர்காழி மூவரின் கீர்த்தனைகள் இருந்தன. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் வீட்டுப் பெண்கள் வரை பரவியிருந்தது. பாபநாசம் சிவன் அன்று கண்முன்னே பாடல்களை இயற்றிக்கொண்டிருந்தார். இருந்தும் அவையெல்லாம் கச்சேரியின் வாலில், அந்தத் துக்கடா நேரத்தில்தான் இடம்பெற்றன. ‘துக்கடா’ என்ற சொல்லே துண்டு, துணுக்கு என்று பொருள்படுவது. ஒரு மொழியின் பாட்டுகள் அந்த மொழி பேசுவோரின் மேடையிலேயே துணுக்குகளாகக் கருதப்பட்டன என்பதுதான் பிரச்சினையின் சாரம்.

எதிர்த்தவர்களின் வாதத்தை இலேசாக ஒதுக்கிவிடக் கூடாது. சங்கீதத்துக்கு மொழி ஏது, நாதம் அல்லவா முக்கியம் என்றார்கள். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, தீட்சிதர் மூவரும் தமிழ்நாட்டுக் காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள், அவர்களுடைய தெலுங்கும் சமஸ்கிருதமும் நமக்கு அந்நியமா என்று கேட்டார்கள். ராகத்தின் முழு உருவமும் அந்தக் கிருதிகளில்தான் பொதிந்திருக்கிறது, அவற்றை இழந்தால் சங்கீதத்தின் தரம் குன்றிவிடும் என்று அஞ்சினார்கள். மியூசிக் அகாடமியும் முன்னணி வித்துவான்கள் பலரும் இந்தப் பக்கம் நின்றனர். இவற்றுள் மூன்றாவது அச்சத்தில் உண்மை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஒரு கிருதி தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, சங்கதிகள் சேர்ந்து, மெருகேறி வந்தது. புதிதாகச் சுரப்படுத்தப்பட்ட பாட்டுக்கு அந்த மெருகு உடனே வந்துவிடாது.

கல்கி அளித்த விடை அவருடைய பழைய அளவுகோலிலிருந்தே வந்தது. நாதமே போதும் என்றால் பாடுவானேன், வீணையும் புல்லாங்குழலும் இருக்கின்றனவே. வாயைத் திறந்து சொற்களைப் பாடும் கணமே பொருளும் கூடவே வந்து நிற்கிறது. அந்தப் பொருள் பாடுபவருக்கும் தெரியாமல் கேட்பவருக்கும் தெரியாமல் போனால், தியாகராஜர் உருகி உருகிப் பாடிய பக்தியில் எது மிச்சம்? தெலுங்குப் பதங்களைப் பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்து, நிரவல் செய்யக் கூடாத இடத்தில் நிரவல் செய்து பாடுவது தியாகராஜருக்குச் செய்யும் மரியாதையா? இது தெலுங்குக் கீர்த்தனைகளின் மேல் கொண்ட பகையால் எழுந்த கேள்வி அன்று. தியாகராஜரின் மேல் பெரும் பற்றுக் கொண்டிருந்தவர் கல்கி. டிக்கெட் வாங்கி உட்காரும் தமிழ் ரசிகருக்கு, தாம் கேட்பதைப் புரிந்துகொண்டு கேட்கும் உரிமை உண்டு என்பதே அவருடைய நிலை. ‘ஆடல் பாடல்’ பகுதியில் பத்தாண்டுகளாக அந்த ரசிகருக்காக எழுதிவந்தவர் வேறு எந்த நிலையையும் எடுத்திருக்க முடியாது. சங்கீதத்தைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் பின்னர் ‘சங்கீத யோகம்’ என்ற நூலாகவும் வந்தன.

இந்த விவாதத்தைப் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற ஒரே கோட்டில் நிறுத்திவிடும் வழக்கம் இன்று இருக்கிறது. அந்தக் கோடு அதில் இருந்தது உண்மை. பெரியாரும் அண்ணாவும் தமிழிசையை ஆதரித்ததும், அகாடமியின் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் யார் என்பதும் தெரிந்தவையே. ஆனால் பிராமணர்களான கல்கியும் ராஜாஜியும் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ஆகியோரோடு நின்றார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதன் மேடைகளுக்குத் தமிழ்ப் பாட்டைப் பாடவந்தவர்களுள் எம்.எம். தண்டபாணி தேசிகரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் உண்டு. சொந்தச் சுற்றத்தாரும் நண்பர்களும் நிறைந்த சபாக்களின் மனக்கசப்பைச் சம்பாதித்துக்கொண்டு ஒரு விமரிசகர் எடுத்த நிலை இது. அதற்கான துணிவை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

எம்.எஸ். பெயர் வந்துவிட்டதால், விமரிசகராகக் கல்கியின் பெரிய சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சதாசிவம் விகடனின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். 1940இல் சுப்புலட்சுமியை மணந்தார். ‘கல்கி’ பத்திரிகை தொடங்குவதற்கான மூலதனத்துக்காக, ‘சாவித்திரி’ என்ற படத்தில் நாரதர் வேடத்தில் நடிக்க எம்.எஸ். ஒப்புக்கொண்டார், அந்தப் படம் 1941இல் வெளியானது. அதாவது, சங்கீத விமரிசகர் ஒருவருடைய பத்திரிகை ஒரு சங்கீத வித்துஷியின் உழைப்பால் கிடைத்த பணத்தில் காலூன்றியது. அதன் பின் அந்தப் பத்திரிகையில் எம்.எஸ். பற்றி எழுதப்பட்ட புகழுரை எதையும் நடுநிலையான விமரிசனம் என்று கொள்ள முடியாது. எம்.எஸ்ஸின் பாட்டு அந்தப் புகழுக்குத் தகுதியானது என்பது உண்மைதான். ஆனால் தகுதி வேறு, அதைச் சொல்பவரின் தூரம் வேறு. விமரிசகருக்குக் கலைஞரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரும் நாற்காலி வேண்டும். 1941க்குப் பிறகு, ஒரு பாடகியைப் பொறுத்த அளவிலாவது, அந்த நாற்காலியைக் கல்கி தாமாகவே விட்டுக்கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் பெற்றது வேறொன்று: பாட்டை மதிப்பிடுபவர், பாட்டை எழுதிக் கொடுப்பவரானார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1945இல் வந்த ‘மீரா’ படத்துக்கு அவர் வசனத்திலும் பாடலிலும் பங்களித்தார். எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையில் எம்.எஸ். பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது. அந்தப் பாட்டில் அகராதியைத் தேட வைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. சொல் புரிய வேண்டும், உயிர் உருக வேண்டும் என்று பத்தாண்டுகளாகப் பிறரிடம் கேட்டவர், தம் முறை வந்தபோது அதைச் செய்துகாட்டினார்.

நாவல்களுக்கு வருவோம். ‘கள்வனின் காதலி’, ‘தியாகபூமி’, ‘பார்த்திபன் கனவு’ ஆகியவற்றிலெல்லாம் பாட்டும் கூத்தும் ஆங்காங்கே வருகின்றன. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1944 முதல் 1946 வரை, தமிழிசை விவாதம் சூடாக இருந்த அதே ஆண்டுகளில் தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’தான் விமரிசகரும் கதாசிரியரும் ஒருவரே என்பதற்கான முழுச் சான்று. ரசிகமணியோடு மாமல்லபுரக் கடற்கரையில் கழித்த ஓர் இரவில் இந்தக் கதையின் வித்து விழுந்ததாகக் கல்கி முன்னுரையில் நினைவுகூர்கிறார். கதாநாயகி அரசகுமாரி அல்லள். ஆயனச் சிற்பியின் மகள், நாட்டியக்காரி. மகேந்திர பல்லவர் முன்னிலையில் நடக்கும் அவளுடைய அரங்கேற்றம், சாளுக்கியப் படையெடுப்புச் செய்தி வந்து பாதியில் நின்றுபோவதிலிருந்து கதை புறப்படுகிறது. ஒரு போரைக் கச்சேரி தடைப்பட்ட சம்பவமாக அறிமுகப்படுத்தும் எண்ணம் கலை விமரிசகருக்குத்தான் தோன்றும்.

அந்த நாவலில் ஒரு காட்சியை அருகே சென்று பார்க்க வேண்டும். திருநாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி அபிநயம் பிடிக்கிறாள். எடுத்துக்கொள்ளும் பாட்டு அப்பரின் திருவாரூர்த் திருத்தாண்டகம்: ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்.’ முதலில் அவன் பெயரைக் கேட்கிறாள். பிறகு அவன் இருக்கும் வண்ணத்தை. பிறகு அவன் ஊரை. கேட்டுக் கேட்டு அவன் மேல் பித்தாகிறாள், தாயையும் தந்தையையும் துறக்கிறாள், உலகத்தார் ஆசாரத்தை விட்டு அகல்கிறாள், தன்னையே மறக்கிறாள். எட்டு வரிகளில் எட்டு நிலைகள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு படி மேலே ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் கண்ணிலும் கையிலும் வேறு வேறு பாவம் தேவைப்படுகிறது. நாட்டியத்தில் பதம் என்று சொல்லப்படும் உருப்படிக்கு இதைவிடப் பொருத்தமான சாகித்தியத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அந்தப் பாட்டைச் சிவகாமி மனிதக் காதலனை எண்ணி ஆடுகிறாள். ஆட்டத்தின் உச்சத்தில் மயங்கி விழுகிறாள்.

பாலசரஸ்வதியின் பத அபிநயத்தை எதிரே உட்கார்ந்து பார்த்த ஒருவர்தான் இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியும். அதைவிட முக்கியமாக, தமிழில் அபிநயத்துக்கும் கச்சேரிக்கும் உகந்த பாட்டு எங்கே இருக்கிறது என்று சபாக்களில் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சியே விடை. கட்டுரையில் தொடுத்த வாதத்தைவிட இது வலுவானது. ஏனெனில் கட்டுரையைப் படிப்பவர் மறுத்துப் பேசலாம், சிவகாமியோடு சேர்ந்து அந்தத் தேவாரத்தை அனுபவித்துவிட்ட வாசகர் எதை மறுப்பார்? ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்று, வாரா வாரம் பத்திரிகைக்காகக் காத்திருந்த குடும்பங்களின் கூடத்துக்குள், விளக்கவுரை எதுவும் தேவைப்படாமல் உணர்ச்சியாகவே போய்ச் சேர்ந்தது.

பிந்தைய ஆண்டுகளில் நாவல்களே அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டன. ‘அலை ஓசை’ 1948, 49இலும், ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையிலும் தொடர்ந்தன. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுப்பும் பணி அதற்கு முன்பே 1947இல் நிறைவேறியிருந்தது. தமிழ் இசைச் சங்கத்துக்கென்று ராஜா அண்ணாமலை மன்றம் 1952இல் எழுந்தது. 1954 டிசம்பர் 5 அன்று, சென்னையில் கச்சேரிப் பருவம் தொடங்கவிருந்த வேளையில், கல்கி 55ஆவது வயதில் காலமானார். ‘அலை ஓசை’க்கான சாகித்திய அகாதெமி விருது 1956இல், அவர் மறைவுக்குப் பின் வந்தது.

அவருடைய எழுத்துகள் பின்னர் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன் பயனாக நாவல்கள் எத்தனையோ பதிப்பகங்களின் அட்டைகளோடு புத்தகக் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. சங்கீத எழுத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வாரப் பத்திரிகையில் வந்த விமரிசனம் அந்த வாரத்தோடு முடிந்துவிடும் என்று பதிப்பாளர்கள் நினைத்திருக்கலாம். ‘சிவகாமியின் சபதம்’ வாங்குபவர், அதன் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது, காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் சிவகாமி மீண்டும் ஆடுவதைக் காண்பார். எல்லாம் இழந்தாகிவிட்டது, மனிதக் காதல் முடிந்துவிட்டது. அவள் எடுத்துக்கொள்வது அதே திருத்தாண்டகம். முன்பு மயங்கி விழுந்த அவள், இம்முறை கடைசி வரி வரைக்கும், ‘தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே’ வரைக்கும், ஆடி முடிக்கிறாள்.